ஊழும் ஒத்திகையும்

நிலநடுக்கத்தின்போது செய்ய வேண்டியவற்றைப் பணியிடங்களில் ஊழியர்களுக்குப் பழக்கும் ஒத்திகையை நிருவாகச் சடங்காகக் கருதுவோரே மிகுதி. ஆயினும், வருவது வந்தே தீரும் என்று நம்பும் சமூகத்தில் மேசைக்கடியில் பதுங்கப் பழகுவதற்கு என்ன பொருள் என்ற சமயக் கேள்வி அதனுள் ஒளிந்திருக்கிறது.

பாறை நிலம் அசையாது என்ற எண்ணத்தால் தருமபுரி மாவட்டத்தில் இக்கேள்வி பெரும்பாலும் எழுவதேயில்லை. ஆனால் இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2002-இல் வெளியிட்ட நில அதிர்வு வரைபடம் தருமபுரியை மூன்றாம் மண்டலத்தில், அதாவது மிதமான சேதம் நேரக்கூடிய பகுதியில் சேர்த்தது. 1900 பிப்ரவரி 8-இல் கோயம்புத்தூர்ப் பகுதி ஏறத்தாழ 6 அளவில் குலுங்கியதும் பதிவாகியுள்ளது.

நிலநடுக்கத்தின் சமயப் பொருள் குறித்த புகழ்பெற்ற விவாதம் ஒன்று தமிழ்மண்ணிலேயே தொடங்கியது. 1934 சனவரி 15-இல் பீகாரை நிலநடுக்கம் அழித்தபோது அரிசன யாத்திரையில் இருந்த காந்தி, அம்மாதம் 24-இல் திருநெல்வேலியில் பேசுகையில், அது தீண்டாமைப் பாவத்துக்கு இறைவன் அளித்த தண்டனை என்றார். தீண்டாமையை அவரைப் போலவே வெறுத்த தாகூர், இயற்கை நிகழ்வுக்கு அறக்காரணம் கற்பிப்பது பகுத்தறிவுக்கு ஒவ்வாது என்று மறுத்தார். அம்மறுப்பைக் காந்தி தம் ‘ஹரிஜன்’ இதழிலேயே வெளியிட்டுப் பதிலும் எழுதினார். இவ்விவாதத்தில் நியாயம் தாகூர் பக்கமே. சாதி பார்த்தவனையும் சாதியால் நசுக்கப்பட்டவனையும் ஒரே கூரையடியில் புதைக்கும் தண்டனையை நீதி என்று சொல்வது கடினம்.

1993 செப்டம்பர் 30 அதிகாலையில் மகாராட்டிரத்தின் கில்லாரியில் நிலநடுக்கத்தால் நேர்ந்த அழிவு இதை இன்னும் தெளிவாக்குகிறது. தருமபுரியைப் போலவே அசையாத நிலம் என்று நம்பப்பட்ட அப்பகுதியில், மண்சாந்தில் கருங்கல் அடுக்கிக் கனத்த மண்கூரை ஏற்றிய வீடுகள் உறங்கியவர்கள்மேல் சரிந்தன. கூரைக் குடிசைகளில் இருந்த ஏழைகள் பலர் உயிர் தப்பினர். அங்கே உயிரையும் சாவையும் முடிவுசெய்ததில் பாவ புண்ணியத்தைவிடச் சுவரின் கட்டுமானத்துக்கே பங்கு அதிகம்.

அப்படியானால் வினைக் கோட்பாட்டைக் கைவிட வேண்டுமா என்றால், அதற்குத் தேவையில்லை. சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பகுக்கிறது: முற்பிறவிகளில் ஈட்டிச் சேர்ந்து கிடப்பது சஞ்சிதம், அதிலிருந்து இப்பிறவியில் நுகர வருவது பிராரத்தம், அதை நுகரும்போதே புதிதாக ஈட்டப்படுவது ஆகாமியம். நில அதிர்வைப் பிராரத்தத்தின் பாற்பட்டது என்று ஒருவர் கொண்டாலும், அதற்கு முன்னும் அந்நொடியிலும் அவர் செய்வதும் செய்யத் தவறுவதும் ஆகாமியமே ஆகும். ஆகவே தன்னிடம் வேலை செய்பவரின் பாதுகாப்பைப் புறக்கணித்துவிட்டு ‘விதி’ என்று கைவிரிக்கும் முதலாளி, ஊழை நம்புகிறவர் அல்லர், அதன் பின்னால் ஒளிகிறவர்.

ஒத்திகையின் செய்முறை எளியது. மணி ஒலித்ததும் ஊழியர் மேசைக்கடியில் மண்டியிட்டு, ஒரு கையால் பிடரியை மறைத்து, மறு கையால் மேசைக்காலைப் பற்றிக்கொள்கிறார். ஆட்டம் நின்றதாக அறிவித்தபின் லிஃப்டைத் தவிர்த்துப் படிவழியே இறங்கித் திறந்தவெளியில் கூடியதும் வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர்கள் வாசிக்கப்படுகின்றன. அறத்தின் சோதனை இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் இருக்கிறது. பதிவேட்டில் நிரந்தர ஊழியர் மட்டுமே இருந்தால், ஒப்பந்தத்தில் துப்புரவு செய்யும் பெண்ணும் சுமை இறக்க வந்த கூலியாளும் உள்ளே சிக்கியிருப்பது யாருக்கும் தெரியாமலே போகும். தீண்டாமையால் நிலம் நடுங்குவதில்லை. ஆனால் நடுங்கியபின் யாரைத் தேடுவது, யாரை மறப்பது என்பதில் அது நுழைந்துவிடக்கூடும் என்ற அளவில் காந்தியின் கவலைக்கு இன்றும் இடமுண்டு.

தருமபுரி மாவட்டத்து ஆலைகளும் அலுவலகங்களும் அடுத்த ஒத்திகையை நடத்தும்போது, அன்று வாயிலைக் கடந்து உள்ளே வந்த ஒவ்வொருவரின் பெயரையும் அந்த வருகைப் பதிவேட்டில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.