விளக்கில்லாத விடுமுறைகள்

யூன் பிறந்ததும் பிளசன்டனில் வெயில் கொளுத்தத் தொடங்கிவிடும். பள்ளிக்கூடங்கள் பூட்டியாயிற்று. அலமீடா மாவட்டக் கண்காட்சியின் இராட்டினத்தில் ஒருநாள் ஏறி இறங்கியதோடு பிள்ளைகள் குளிரூட்டிய அறைக்குள் கைத்தொலைபேசியும் தாங்களுமாய் ஒதுங்கிவிடுகிறார்கள். அப்போது எங்கள் பிரசங்கம் ஆரம்பமாகிறது: "எங்கட காலத்தில..."

நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும், ஒழுங்கையில் மறித்த கிளித்தட்டும், விடியக் கண்விழித்துப் பனங்காய் பொறுக்க ஓடியதும் அதில் வரும். எல்லாம் உண்மைதான். ஆனால் முழு உண்மையா?

எங்களில் பலருக்குத் திரையில்லாத அந்த விடுமுறை நாங்கள் தேடி எடுத்ததல்ல. 1990 யூனில் போர் மறுபடி மூண்டபின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெயும் பற்றரியும் பொருளாதாரத் தடையில் அகப்பட்டன. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். சைக்கிளைக் கவிழ்த்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். அதற்கு முந்திய வருடங்களிலே யாராவது ஜெனரேற்றரும் டெக்கும் வாடகைக்கு எடுத்துப் படம் போட்டால், விடியவிடிய அந்தச் சின்னத் திரையின் முன்னால் கிடந்தவர்களும் நாங்களேதான். திரை கிடைக்காததை ஒழுக்கமாக்கிப் பிள்ளைகளுக்கு உபதேசிப்பது நியாயமா?

"அவ்வளவு நல்லா இருந்தால் ஏன் விட்டிட்டு வந்தனீங்கள்?" என்று ஒரு பிள்ளை கேட்டால் எங்களிடம் மறுமொழி இல்லை. பொம்மர் சுற்றிய பகல்களையும் பங்கருக்குள் கழிந்த இரவுகளையும் நாங்கள்தானே கதையிலிருந்து வெட்டி எறிந்தோம்.

வீட்டு ஏக்கத்துக்கு 'நொஸ்டால்ஜியா' என்று பெயரிட்டவர் யொஹானஸ் ஹோபர் என்ற மருத்துவ மாணவர். 1688இல் பாசல் நகரில் எழுதிய ஆய்வில் அதை அவர் ஒரு நோயாகவே கண்டார். ஊர் திரும்பினால் சுகம் என்பது அவர் கணிப்பு. எங்கள் நோய் அதற்குக் கட்டுப்படாது. இன்று ஊருக்குப் போனாலும் அங்குள்ள பிள்ளைகளின் கையிலும் கைத்தொலைபேசி இருக்கிறது. நாங்கள் தேடுவது ஊரை மட்டுமல்ல, எங்கள் வயதையும் அன்றைக்கு உயிரோடிருந்தவர்களையும். அந்த இழப்புக்குக் கைத்தொலைபேசியைக் குற்றவாளியாக்குவது வசதியாக இருக்கிறது. ஊரில் நடக்கும் செத்தவீட்டை நாங்கள் அழுதுகொண்டு பார்ப்பதும் அதே திரையில்தான் என்பதை மறந்துவிடுகிறோம்.

அந்த நாட்களின் சந்தோசம் பொய்யல்ல. ஆனால் அதைத் தந்தது மின்சாரம் இல்லாமை அல்ல. நாளைக்கு அரிசி இருக்குமா என்று தெரியாத பெரியவர்கள், பயத்தை எங்களுக்குக் காட்டாமல், எண்ணெய் தீரும்வரை பக்கத்தில் இருந்து கதை சொன்னார்கள். அவர்களிடம் இருந்ததை விட எங்களிடம் எல்லாமே அதிகம். எங்கள் பிள்ளைகளின் பக்கத்தில் அப்படி எத்தனை இரவு இருந்திருக்கிறோம்?

இந்த விடுமுறையில் பிரசங்கத்தை நிறுத்தி, எங்கள் கைத்தொலைபேசியை முதலில் கீழே வைப்போம். பனங்காயைச் சொல்லும்போது பங்கரையும் சேர்த்தே சொல்லுவோம். அதற்குப் பிறகு அவர்கள் கேட்கிற கேள்விகளுக்கு மறுமொழி சொல்லவும் வேண்டியிருக்கும்.