பாபாசாகேபுக்குக் கற்பூரம்

பெங்களூரில் எங்கள் மர்ஃபி டவுனில் ஏப்ரல் 14 வந்தால் வீட்டுக்குள் ஒரு பண்டிகை, வாசலில் ஒரு பண்டிகை. உள்ளே சித்திரைப் பிறப்புக்கு மாங்காய்ப் பச்சடி. வெளியே பாபாசாகேப் அம்பேத்கர் ஜெயந்திக்கு நீலக் கொடி. அல்சூரில் சாமிக்குப் பூப்பல்லக்கு கட்டுகிற கைகள்தான் எங்கள் பல்லக்கையும் கட்டுகின்றன. சாமி உட்காரும் இடத்தில் கோட்டும் கண்ணாடியும் அணிந்தவரின் படம், இரண்டு பக்கமும் செண்டுமல்லிச் சரம். முன்னால் தமட்டை முழங்கும். தமிழ்ப் பாட்டும் கன்னடப் பாட்டும் மாறி மாறி ஒலிக்கும். பானகமும் கோசம்பரியும் கொடுப்பார்கள். பல்லக்கு வாசலில் நிற்கும்போது பெண்கள் தண்ணீர் தெளித்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டுவார்கள்.

இந்த வருடம் விழாக் கமிட்டியில் சண்டை வந்தது அந்தக் கற்பூரத்தால்தான். "டீச்சர், நாக்பூர்ல பௌத்தத்துக்கு மாறி, சாமி கும்பிட மாட்டேன்னு 22 உறுதிமொழி எடுத்தவருக்கே ஆரத்தியா? நீங்க சொன்னா கேப்பாங்க, நிறுத்தச் சொல்லுங்க" என்று பிள்ளைகள் என்னிடம் வந்தார்கள். அவர்களில் பலர் என்னிடம் படித்தவர்கள். அவர்கள் பக்கம் நியாயம் நிறையவே இருக்கிறது.

1947 ஏப்ரலில் சென்னையிலிருந்து வந்த 'ஜெய் பீம்' இதழ் பிறந்தநாள் மலருக்காக அம்பேத்கரிடம் கட்டுரை கேட்டது. தன் பிறந்தநாளைக் கொண்டாடுவதே தனக்குப் பிடிக்கவில்லை என்று அவர் எழுதி அனுப்பினார். வெளிநாடுகளில் தீர்க்கதரிசிகளுக்குத்தான் பிறந்தநாள் விழா, இங்கேதான் அரசியல்வாதிக்கும் எடுக்கிறார்கள் என்று வருத்தப்பட்டார். தலைவர்மேல் அன்பும் மரியாதையும் இருந்தால் போதும், வழிபாடு தலைவரையும் கெடுக்கும், தொண்டரையும் கெடுக்கும் என்றார். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையிலும் அதையே இன்னும் கடுமையாக எச்சரித்தார்: பக்தி மதத்தில் ஆன்மாவுக்கு வழி காட்டலாம், அரசியலில் அது சர்வாதிகாரத்தில் கொண்டுபோய் விடும்.

ஆனாலும் அவர் விழாக்களையே வெறுத்தவர் அல்ல. 1943 ஜனவரி 18 அன்று புனேயில் சமூகச் சீர்திருத்தவாதி ரானடேயின் 101ஆவது பிறந்தநாளுக்குப் போய் நீண்ட உரை ஆற்றினார். ரானடே ஏன் பெரியவர், எங்கே குறைந்தார், காந்தியோடும் ஜின்னாவோடும் வைத்துப் பார்த்தால் எப்படித் தெரிகிறார் என்று அந்த மேடையிலேயே அளந்து காட்டினார். ஒருவரை மெச்சுவது வேறு, அவருக்குத் தன் புத்தியை அடகு வைப்பது வேறு என்று பிரித்தும் சொன்னார். ஒரு பிறந்தநாளை எப்படிக் கொண்டாட வேண்டும் என்பதற்கு நான் இதைவிட நல்ல உதாரணம் படித்ததில்லை.

இதையெல்லாம் எடுத்துக்கொண்டு கோடி வீட்டுப் பெரியம்மாவிடம் போனேன். எங்கள் தெருவில் முதல் கற்பூரம் அவர் ஏற்றுவதுதான். பிறந்தது வடாற்காட்டு கிராமம். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எங்க ஊர்ல கோயில் தட்டு எங்க பக்கம் வந்ததே இல்ல. தெரு முனையில நின்னு புகையைத்தான் பாப்போம். இப்ப தட்டு என் கையில இருக்கு. யாருக்குக் காட்டணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன்."

இதற்கு நான் என்ன சொல்ல முடியும்? இந்தக் கற்பூரத்தை அணைக்கச் சொல்லும் உரிமை எனக்கோ பிள்ளைகளுக்கோ கிடையாது என்று அங்கேயே முடிவு செய்தேன். ஆனால் அடுத்து அவர் சொன்னதுதான் மனதை உறுத்தியது: "பேத்திக்கு நர்சிங் சீட்டு கிடைக்கணும்னு பாபாசாகேப்கிட்ட வேண்டிக்கிட்டேன்."

கடவுளிடம் கேட்டால் வரம். கொடுத்தால் கும்பிடலாம், கொடுக்காவிட்டால் அழலாம். ஏன் கொடுக்கவில்லை என்று வழக்குப் போட முடியாது. அந்த சீட்டு அப்படிப்பட்டது அல்ல. சென்னை மாகாணத்து செண்பகம் துரைராஜன் வழக்கில் இடஒதுக்கீட்டு ஆணை செல்லாது என்று தீர்ப்பு வந்தபின், 1951இல் அரசியல் சட்டத்தையே முதல்முறையாகத் திருத்திச் சேர்த்த 15(4) பிரிவு அதற்குப் பின்னால் நிற்கிறது. அப்போது சட்ட அமைச்சர் அம்பேத்கர். 1927 மார்ச் 20 அன்று மகாடு குளத்துக்கு ஆட்களோடு போனவர் யாரிடமும் தண்ணீர் வேண்டி நிற்கவில்லை; இறங்கி அள்ளிக் குடித்தார். புத்தரைப் பற்றி எழுதிய கடைசி நூலிலும் அவர் அழுத்திச் சொல்வது இதையே: புத்தர் மோட்சம் கொடுப்பவர் அல்ல, வழி காட்டுபவர். வழி காட்டியவரிடமே வரம் கேட்கத் தொடங்கினால், போராடிப் பெற்ற உரிமை மறுபடி யாரோ போடும் பிச்சையாகிவிடும். எனக்குப் பயம் அதுதான்.

கோலார் மாரிக்குப்பத்தில் தங்கச் சுரங்கத் தொழிலாளியாக இருந்த என் தாத்தாவுக்கு இந்தப் பயம் புரிந்திருக்கும். அயோத்திதாச பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு அங்கேயும் பெங்களூரிலும் கிளைகள் இருந்தன. 1907இல் தொடங்கிய அவருடைய 'தமிழன்' இதழைச் சுரங்கத்துத் தொழிலாளிகள் படித்தார்கள். நாம் கும்பிடும் அம்மன் ஒரு காலத்தில் வாழ்ந்த பௌத்தப் பெண் துறவி என்று பண்டிதர் எழுதினார். வரலாற்று ஆசிரியர்கள் அதை ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் மனிதர்கள் எப்படிச் சாமியாகிறார்கள் என்பதை அவர் சரியாகக் கண்டுகொண்டார் என்றே நினைக்கிறேன். சொன்னது மறந்துபோகும், உருவம் மட்டும் மிஞ்சும், உருவத்துக்குப் படையல் போடுவோம். புத்தரையே விஷ்ணுவின் அவதாரமாக்கி உள்ளே இழுத்துக்கொண்ட ஊர் இது. அதை நம்பமாட்டேன் என்பதும் அந்த 22 உறுதிமொழிகளில் ஒன்று.

கமிட்டியில் நான் சொன்னது சின்ன விஷயம்தான். கற்பூரம் இருக்கட்டும், ஆர்க்கெஸ்ட்ராவுக்கு ஒதுக்கிய நேரத்தில் ஒரு மணி நேரம் எனக்குக் கொடுங்கள். பந்தலில் மேசை போட்டு அம்பேத்கரின் 1949 உரையைத் தமிழில் வாசித்தோம். பிள்ளைகள் எழுந்து எங்கே ஒத்துப்போகவில்லை என்று பேசினார்கள். தனி வாக்காளர் தொகுதிகளை விட்டுக்கொடுத்த புனா ஒப்பந்தத்தில் அவர் ஏன் கையெழுத்துப் போட்டார் என்று ஒரு பெண் கோபமாகவே கேட்டாள். இன்னொரு மேசையில் சாதிச் சான்றிதழ் மனுக்கள். எங்கள் தெருவுக்கு இதுதான் பெரிய தலைவலி. 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணைக்குப் பிறகு தமிழ்நாட்டிலிருந்து குடிவந்தவர்களைக் கர்நாடகத்தில் பட்டியல் சாதியாக ஏற்பதில்லை. அதற்கு முன்பே இங்கே இருந்தோம் என்று காகிதம் காட்ட வேண்டும்.

பெரியம்மா டிரங்குப் பெட்டியைக் கிளறி மாமனாரின் பழைய கூலிப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். 1946, கண்டோன்மெண்ட் என்று மங்கிய மையில் இருந்தது. "டீச்சர், இது செல்லுமா?" என்றார். பேத்தியே உட்கார்ந்து மனுவை எழுதினாள், நகலை இணைத்தோம். அலுவலகத்திலிருந்து இன்னும் பதில் இல்லை. அடுத்த திங்கட்கிழமை நேரில் போய் எழுத்தில் பதில் கேட்கப் போகிறோம். பெரியம்மாவும் வருகிறார்.