கேட்காத கேள்வி

கீரனூர் ரேஷன் கடையில் என் அப்பத்தா விரல்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். தமிழ்நாட்டு ரேஷன் கடைகளுக்கு விரல்ரேகை முறை வந்த 2020 அக்டோபர் சமயம். மிளகாய் பறித்து, கடலை உடைத்துத் தேய்ந்த விரல்கள். "நாப்பது வருசமா இங்கதான் வாங்குறேன். இந்த மெசினு என்னைய யாருன்னு கேக்குது கண்ணு" என்றார். கடைக்காரருக்கு அவரை நன்றாகத் தெரியும்.

எனக்கு ஆச்சரியமாக இல்லை. சிக்கலே அதுதான். அரசுத் துறைகளுக்குத் தொழில்நுட்பம் விற்கும் குழுவை நடத்துகிறவன் நான். அதற்கு முந்தைய வருடம் வேறொரு துறைக்கு இதே வகைக் கருவியை விற்றிருந்தோம். டெமோவில் விரல் வைத்தவர்கள் எல்லாம் பேனா பிடிப்பவர்கள். மண்ணில் வேலை செய்பவர்களின் ரேகை சரியாக விழாது என்று எனக்குத் தெரியும். யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

"டெண்டர்ல கேட்டதக் குடுத்தோம்" என்பது எங்கள் தொழிலின் நிரந்தரப் பதில். அதில் பாதி நியாயமும் உண்டு. எது தேவை என்று அரசு முடிவுசெய்வதுதான் முறை, விற்பவன் அல்ல. ஆனால் சந்தையில் கத்தரிக்காய் வாங்குபவர்தான் காசும் கொடுக்கிறார், சமைத்தும் சாப்பிடுகிறார். இங்கே கையெழுத்திடுபவர் ஒருவர், வரி கட்டுபவர் ஒருவர், வரிசையில் நிற்பவர் இன்னொருவர். அந்த மூன்றாமவர் எந்தக் கூட்டத்துக்கும் வருவதில்லை.

பிரிட்டன் அஞ்சல் துறைக்கு ஃபுஜிட்சு கொடுத்த ஹொரைசான் மென்பொருள் காட்டிய தப்புக் கணக்கால் 900க்கும் மேற்பட்ட துணை அஞ்சலகக்காரர்கள் திருடர்களாகத் தண்டிக்கப்பட்டார்கள். பிழைகள் ஆரம்பத்திலிருந்தே தெரியும் என்று அந்த நிறுவனத்தின் ஐரோப்பியத் தலைவர் ஒப்புக்கொண்டது 2024 ஜனவரியில். அங்கேயும் 'தெரியும்' என்ற சொல்தான்.

மாற்றுவழி சேர்த்தால் விலை ஏறும், எல்-1 கைவிட்டுப் போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யோசித்தால் அது பொய். டெண்டருக்கு முந்தைய கூட்டத்தில் எழுத்தில் கேட்டால் பதில் எல்லோருக்கும் போகும். நிபந்தனை மாறினால் எல்லோருக்கும்தான் விலை ஏறும். உண்மைக் காரணம் வேறு. கருவிழி பார்க்கும் வசதி போட்டியாளரிடம் இருந்தது, எங்களிடம் இல்லை.

போன வாரம் இன்னொரு டெண்டர். "விரல் ரேகை விழாதவர்களுக்கு என்ன ஏற்பாடு?" என்று எழுதினேன். குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி படித்துவிட்டு, "அண்ணே, இது நமக்கே ஆப்பு இல்லையா?" என்றான்.

ஆமாம் என்றேன். இந்த வருட டார்கெட்டில் அவனுடைய இன்சென்டிவும் இருக்கிறது. அதை அவனிடம் கேட்காமலேயே அனுப்பிவிட்டேன்.