சம்மதம் சொல்லும் வயது வராத கொடையாளர்

எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையில் நோயாளிக்குப் பெரும்பாலும் சிறந்த கொடையாளர் உடன்பிறந்தவர்தான். ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த இருவருக்கு எச்.எல்.ஏ. எனப்படும் திசு அடையாளங்கள் முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. நோயாளி சிறு பிள்ளை என்றால் அதன் அண்ணனும் தங்கையும் பெரும்பாலும் சிறு பிள்ளைகளே. 1968இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் குட் தலைமையிலான குழு, பிறவியிலேயே நோய் எதிர்ப்பாற்றல் இல்லாத ஓர் ஆண் குழந்தைக்கு மஜ்ஜை மாற்று செய்தது. ஒத்த இரட்டையர் அல்லாத இருவருக்கிடையே வெற்றிபெற்ற தொடக்ககால மாற்றுகளில் முன்னோடியான அதிலும் மஜ்ஜை தந்தவள் அவனுடைய சகோதரிதான். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1986இல் தொடங்கிய மஜ்ஜை மாற்றுப் பணியில் தலசீமியா என்னும் பரம்பரை ரத்த நோயுள்ள குழந்தைகளுக்குப் பெரிய இடம் உண்டு. அவர்களில் பலருக்கும் உயிர் கொடுத்தது கூடப்பிறந்த பிள்ளைகளின் மஜ்ஜை.

நோய் எதுவும் இல்லாத ஒரு குழந்தையை இன்னொருவருக்காக மயக்கி, ஊசியால் குத்தி, உடலிலிருந்து ஒன்றை எடுப்பது எந்த உரிமையில்? பெரியவர் என்றால் அவருடைய சம்மதமே பதிலாகிவிடும். நான்கு வயதுக் குழந்தையிடம் அந்தப் பதில் கிடைக்காது.

எடுக்கும் முறையைத் தெரிந்துகொண்டால்தான் கேள்வியின் கனம் தெரியும். முழு மயக்கத்தில் குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கிறார்கள். இடுப்பின் பின்புறம் கைக்குத் தட்டுப்படும் எலும்பு மேட்டில் தடித்த ஊசியை அழுத்தித் திருகி இறக்கி, சிரிஞ்சில் சில மில்லிலிட்டர் இழுக்கிறார்கள். ஒரே இடத்தில் அதிகம் இழுத்தால் மஜ்ஜையைவிட ரத்தமே கூடுதலாக வரும். அதனால் ஊசியை இடம் மாற்றி எலும்பில் பலமுறை குத்த வேண்டியிருக்கிறது; தோலில் தெரிவதோ சில துளைகள்தான். எடுக்கும் அளவு பொதுவாகக் கொடையாளரின் எடையில் கிலோவுக்கு 10 முதல் 20 மில்லிலிட்டர். 15 கிலோ எடையுள்ள பிள்ளையிடமிருந்து 300 மில்லிலிட்டர் வரை எடுக்கலாம் என்று பொருள். அந்தப் பிள்ளையின் உடலில் ஓடும் மொத்த ரத்தமே ஏறத்தாழ 1,100 மில்லிலிட்டர்தான்.

இழந்த மஜ்ஜை சில வாரங்களில் மீண்டும் ஊறிவிடும். சிறுநீரகக் கொடைக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுவே. ஐரோப்பிய மையங்களில் மஜ்ஜையோ, ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்லோ தந்த 453 சிறுவர்களைப் பற்றி 2012இல் வெளியான ஆய்வில் அதிகம் பதிவான தொல்லை வலிதான். ஆனால் எல்லாக் குழந்தைகளுக்கும் ஆபத்து ஒரே அளவில் இல்லை. கொடையாளர் மிகச் சிறியவராகவும் பெறுபவர் எடை கூடியவராகவும் இருந்தால் அதிக அளவு எடுக்க வேண்டிவரும். சிறு பிள்ளைக்கு வேறொருவரின் ரத்தம் ஏற்ற நேரலாம். முழு மயக்கத்துக்குரிய ஆபத்து, அரிதே ஆனாலும், ஒவ்வொரு முறையும் உண்டு. ஊசி மருந்து போட்டு ஸ்டெம் செல்களை ரத்தத்துக்கு வரவழைத்துப் பிரித்தெடுக்கும் முறை பெரியவர்களுக்கு எளிது. சிறு பிள்ளைகளின் ரத்தநாளங்கள் மெல்லியவை என்பதால் கழுத்திலோ தொடை இடுக்கிலோ பெரிய குழாய் செருக வேண்டிவரும்.

அறவாதத்தின் வேர் 1970களில் அமெரிக்கக் கிறிஸ்தவச் சிந்தனையாளர் இருவருக்கிடையே நடந்த விவாதத்தில் இருக்கிறது. விவாதம் குழந்தைகள் மீதான மருத்துவ ஆராய்ச்சியைப் பற்றியது என்றாலும் இங்கும் அப்படியே பொருந்தும். மெதடிஸ்ட் இறையியலாளர் பால் ராம்சி 1970இல் வெளியான நூலில், தனக்குப் பயன் தராத செயலுக்குக் குழந்தை சம்மதம் தர முடியாது, அதற்காக வேறு யாரும் தரவும் கூடாது என்றார். அப்படித் தருவது குழந்தையை வெறும் கருவியாக்குவது என்பது அவர் வாதம். இயேசு சபைக் குருவான ரிச்சர்ட் மெக்கார்மிக் 1974இல் மறுத்தார். ஆபத்து மிகச் சிறியது, நன்மை பெரியது என்றால் மனித சமூகத்தில் உறுப்பினர் என்ற முறையில் குழந்தை அதை விரும்பியாக வேண்டும். பெற்றோர் அந்த விருப்பத்தையே எடுத்துரைக்கிறார்கள் என்றார் அவர். இரண்டிலும் ஓர் உண்மை இருக்கிறது. ராம்சியை முழுதாக ஏற்றால் சாகவிருக்கும் பிள்ளைக்குக் கூடப்பிறந்தவன் உதவ வழியே இல்லை. மெக்கார்மிக்கை முழுதாக ஏற்றாலோ, நான்கு வயதுப் பிள்ளை எதை விரும்பியாக வேண்டும் என்பதைப் பெரியவர்களே முடிவு செய்துவிட்டு, அதை அந்தப் பிள்ளையின் விருப்பம் என்று சொல்லிவிட முடிகிறது.

1990இல் இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு இந்தச் சிக்கலை நேருக்கு நேர் நிறுத்தியது. ரத்தப் புற்றுநோயால் வாடிய 12 வயதுச் சிறுவனின் தந்தை, வேறொரு பெண்ணிடம் தனக்குப் பிறந்த மூன்றரை வயது இரட்டையரின் ரத்தத்தைப் பொருத்தம் பார்க்கவும், பொருந்தினால் மஜ்ஜை எடுக்கவும் உத்தரவு கேட்டார். இரட்டையரின் தாய் மறுத்தார். மூன்றரை வயதுப் பிள்ளை என்ன முடிவெடுத்திருக்கும் என்று ஊகிக்க வழியில்லை, அதன் நலனை மட்டுமே பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். பெற்றோருக்கு ஆபத்தும் பயனும் விளங்கியிருக்க வேண்டும், பிள்ளையைத் தேற்ற வளர்ப்பவர் உடனிருக்க வேண்டும், கொடையாளருக்கும் பெறுபவருக்கும் ஏற்கெனவே நெருங்கிய உறவு இருக்க வேண்டும் என மூன்றைக் கேட்டது. இரட்டையருக்கு அந்தச் சிறுவன் அநேகமாக அந்நியன். மனு தள்ளுபடியானது, சிறுவன் அதே ஆண்டு இறந்தான்.

தீர்ப்பு கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் உறவை அளவுகோலாக்கியதில் நியாயம் இருக்கிறது. கூடவே வளரும் அண்ணன் பிழைத்தால் தம்பிக்கும் ஆதாயம் உண்டு: விளையாட ஆள் இருக்கும், தாய் தந்தை துக்கத்தில் மூழ்க மாட்டார்கள். இதைத்தான் மருத்துவ அறவியல் ‘கொடையாளரின் நலன்’ என்கிறது. அந்த ஆதாயம் உண்மையானது என்றாலும் முழு நியாயத்தையும் அதன் மேல் ஏற்றுவது நேர்மையாகாது. மஜ்ஜை எடுப்பது நோயுற்ற பிள்ளைக்காகவே. ஆரோக்கியமான பிள்ளை குடும்பத்துக்காக ஒரு பாரம் சுமக்கிறது என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டால்தான், அதற்குக் குடும்பமும் மருத்துவமனையும் பட்டிருக்கும் கடன் கண்ணில் படும்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2010இல் வெளியிட்ட நெறிமுறை அந்தக் கடனுக்கு உருவம் தந்தது. சமமான பொருத்தமுள்ள, தர விரும்பும் பெரிய உறவினர் இருந்தால் பிள்ளையிடம் போகக் கூடாது. இருவருக்கும் அன்பான உறவு வேண்டும். பெறுபவருக்குப் பயன் கிடைக்க நியாயமான வாய்ப்பு வேண்டும். ஆபத்தைக் குறைத்திருக்க வேண்டும். பெற்றோரின் அனுமதியோடு, வயதுக்குத் தக்கபடி பிள்ளையின் இசைவும் வேண்டும். இவற்றோடு, கொடையாளர் பிள்ளையின் நலனை மட்டும் பார்க்கும் தனி ஆள் ஒருவரையும் அது பரிந்துரைத்தது. முக்கியமான பாதுகாப்பு இந்தக் கடைசிப் பரிந்துரையே. ஒரு பிள்ளையைக் காப்பாற்றத் துடிக்கும் தாய் தந்தையால் மற்றப் பிள்ளைக்காக நடுநிலையாக நின்று பேச முடியாது. அதைக் குறையாகச் சொல்லவும் முடியாது. இங்கிலாந்தில் 2004ஆம் ஆண்டு மனிதத் திசுச் சட்டத்தின்படி, தானே முடிவெடுக்கும் பக்குவமில்லாத குழந்தையின் மஜ்ஜைக் கொடைக்கு, பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர் பிள்ளையையும் பெற்றோரையும் சந்தித்துப் பேசிய பிறகே ஒப்புதல் கிடைக்கும்.

கொடையாளர் பிள்ளைக்காகப் பேசும் அந்தத் தனி ஆளை எப்போது அழைப்பது என்பதில்தான் பல இடங்களில் கோட்டை விடுகிறார்கள். பொருத்தச் சோதனைக்கு எடுப்பது சிறிது ரத்தமே. ஆனால் ‘பொருந்துகிறது’ என்று முடிவு வந்த பிறகு, குடும்பம் மொத்தமும் கண் வைத்திருக்கும்போது, பத்து வயதுப் பெண்ணுக்கு, ‘பயமாக இருக்கிறது’ என்று சொல்ல வாய் வருமா? பேச்சு சோதனைக்கு முன்பே நடக்க வேண்டும். பின்வாங்க முடியாத கட்டம் ஒன்றும் உண்டு. புது மஜ்ஜைக்கு இடம் தர நோயாளியின் சொந்த மஜ்ஜையைக் கடும் மருந்துகளால் அழிக்கத் தொடங்கிய பிறகு கொடை நின்றால் அவர் உயிர் பிழைப்பது அரிது. இசைவு என்பது அந்த நாளுக்கு முன்பே உறுதியாகியிருக்க வேண்டும்.

உடல் ஆறிய பிறகும் மனம் ஆறச் சில பிள்ளைகளுக்கு நாள் ஆகிறது. மஜ்ஜை தந்த உடன்பிறப்புகளிடம், தராதவர்களைவிடக் கூடுதல் பதற்றமும் குறைந்த தன்மதிப்பும் இருப்பதை 1990களின் ஆய்வுகள் காட்டின. வீட்டில் எல்லோருடைய கவனமும் நோயாளி மேல். கொடுத்த பிள்ளையை யாரும் கேட்பதில்லை. மாற்று தோற்றாலோ, புகுந்த அணுக்கள் பெறுபவரின் தோலையும் குடலையும் தாக்கினாலோ, தன் மஜ்ஜைதான் கெட்டது என்று சிறு மனம் நம்பிவிடும். ஆகவே முடிவு எப்படி வந்தாலும் அதற்குக் கொடுத்தவர் பொறுப்பல்ல என்பதை முன்னதாகவே சொல்லி வைப்பதும், பிறகு மாதக்கணக்கில் அந்தப் பிள்ளையையும் தனியே பார்த்துப் பேசுவதும் சிகிச்சையின் பகுதியாகவே இருக்க வேண்டும்.

அண்மைக் காலத்தில், மாற்றுக்குப் பின் சைக்ளோபாஸ்பமைடு மருந்து தரும் முறையால், பாதி பொருத்தமே உள்ள தாயோ தந்தையோ கொடையாளராக முடிகிறது. முழுப் பொருத்தமுள்ள உடன்பிறப்பையே மருத்துவர்கள் இன்னும் பல நோய்களில் முதலில் நாடுகிறார்கள். ஆனால் பெற்றோரின் மஜ்ஜை அதே பலனைத் தரும் நோய்களில், சம்மதம் சொல்லும் வயது வந்தவர் வீட்டிலேயே இருக்கும்போது, சிறு பிள்ளையை மேசையில் படுக்க வைப்பதற்கு மருத்துவர் இனி தனியாகக் காரணம் காட்ட வேண்டும்.