ராகிக்கு அடியில் ஒரு தலைநகரம்

மார்கழியில் ஓசூரின் பனி எட்டு மணிக்குத்தான் விலகும். சிப்காட் பக்கம் முதல் ஷிப்டுக்குப் போகும் கம்பெனி பஸ்கள் விளக்கை அணைக்காமல் ஓடிக்கொண்டிருந்தன. ஊரைச் சுற்றிக் காட்ட ஒப்புக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரின் வீட்டு வாசலில் ஐந்தரைக்கே போய் நின்றுவிட்டேன்.

"கொஞ்சம் விடியட்டும் தம்பி. ராகி அறுக்கிற காலம். ராத்திரி இறங்கின ஆனை காட்டுக்குத் திரும்பணும்ல" என்று உள்ளே கூட்டி உட்காரவைத்தார். வீட்டம்மாவிடம் தெலுங்கில் காபி கேட்டார். வாசலில் பால்காரரிடம் கன்னடத்தில் கணக்குப் பேசினார். என் பக்கம் தமிழில் திரும்பினார். அன்றைய நடை அந்தத் திண்ணையிலேயே தொடங்கிவிட்டது என்று இப்போது நினைக்கிறேன்.

*

துணைக்கு ஒருவரை அமர்த்திக்கொண்டு ஊரை நடந்து பார்க்க நான் கற்றது இத்தாலியின் பொலோஞா நகரத்தில். பேக்கிங் இயந்திரங்கள் செய்யும் ஆலைகள் அந்த ஊரைச் சுற்றி நிறைய உண்டு. எங்கள் கம்பெனி வாங்கவிருந்த இயந்திரத்தை ஓட்டிப் பார்த்து ஒப்புதல் தர என்னை அனுப்பியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. தேர்வெழுதி உரிமம் பெற்ற வழிகாட்டி ஒரு அம்மா, எனக்கு மட்டுமாக அரை நாள் நகரத்தைக் காட்டினார்.

வீதியோரமெல்லாம் தூண் நிறுத்திய தாழ்வாரங்கள். நம் பழைய வீட்டுத் திண்ணைகளை ஒன்றோடொன்று சேர்த்து ஊர் முழுக்க இழுத்துக் கட்டியது போல இருந்தது. மொத்தம் 62 கிலோமீட்டர். 2021இல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மேலே வீடு, கீழே ஊராருக்கான நடைபாதை. மழை பெய்துகொண்டே இருந்தது. குடையை விரிக்காமல் நடந்தோம்.

பெரிய சதுக்கத்தில், பழைய நகர மாளிகையின் சுவரருகே நிறுத்தினார். கல்லில் நீளக் கோடுகள், ஒரு செங்கல்லின் வடிவம், ஒரு ஓட்டின் வடிவம். சந்தைக்கு வந்தவர்கள் வாங்கிய சரக்கு அளவு சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ள இடைக்காலத்தில் வெட்டிவைத்தவை. முப்பது வருடம் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் கேஜ் பிடித்த கை என்னுடையது. அந்தக் கல்லில் கையை வைத்தேன், எடுக்க மனமில்லை. அவர் அவசரப்படுத்தவில்லை. கூட்டத்தோடு போயிருந்தால் அந்தக் கல்லுக்கு அரை நிமிஷம் கிடைத்திருக்கும்.

நம் கோயில் சுவர்களிலும் நிலம் அளந்த கோலின் நீளம் கீறிவைக்கப்பட்டிருப்பதை வாத்தியார் சொல்லித்தான் அறிந்தேன். எத்தனையோ கோயில்களில் அந்தச் சுவரைத் தொட்டபடி பிரகாரம் சுற்றியிருப்பேன்.

*

வாத்தியாரோடு அன்று ஓசூரிலேயே, சந்திரசூடேசுவரர் மலைமேல் ஒரு நிறுத்தம். கீழே ஆலைக் கூரைகள் வெள்ளிப் பாய் விரித்தது போலக் கிடந்தன. 1980 வாக்கில் லேலண்டும் டிவிஎஸ்ஸும் வந்தன, பின்னாலேயே டைட்டன் வந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு ஓசூரின் வரலாறு அங்கேதான் ஆரம்பம். வாத்தியார் கோயில் கல்வெட்டைக் காட்டி, ஊரின் பழைய பெயர் செவிடபாடி என்றார். ஹொச ஊரு என்றால் கன்னடத்தில் புது ஊர். அந்தப் 'புது' எப்போதோ பழசாகிவிட்டது.

*

சூளகிரி தாண்டி மேலுமலையில் சாலை இறங்குகிறது. காது லேசாக அடைக்கிறது. "மேலே பாலாகாட், கீழே பாராமகால்" என்றார். பாராமகால் 1792இல், சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பெனிக்குப் போனது. மேலே இருந்த ஓசூர் 1799இல், திப்பு விழுந்த பிறகு. ஒரே மாவட்டத்தின் இரண்டு பாதிகள் ஏழு வருடம் இரண்டு அரசுகளுக்கு வரி கட்டியிருக்கின்றன. இந்த இறக்கத்தில் நூறு தடவையாவது கார் ஓட்டியிருப்பேன். பிரேக்கின் மேல்தான் கவனம்.

*

வேப்பனப்பள்ளியைக் கடந்து, சின்னக்கொத்தூர் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தோம்.

"இது குந்தாணி. தலைநகரம்" என்றார்.

சுற்றிப் பார்த்தேன். அறுத்த ராகித் தாள், புளியமரங்கள், வரப்பில் ஒரு கன்றுக்குட்டி. தூரத்தில் மலைகள். பொலோஞாவில் நகரம் கண்ணெதிரே நின்றது. அதன் பெயரும் வயதும் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. இங்கே நகரமே இல்லை. இருந்தது என்று சொல்லவே ஆள் வேண்டும்.

நடந்துகொண்டே சொன்னார். போசள மன்னன் சோமேசுவரன் நாட்டைப் பிள்ளைகள் இருவருக்கும் பாகம் பிரித்தான். வடபாகம் துவாரசமுத்திரத்தில் நரசிம்மனுக்கு, தமிழ்ப் பாகம் ராமநாதனுக்கு. ராமநாதன் இருந்தது திருச்சிக்குப் பக்கத்தில் கண்ணனூரில், இன்றைய சமயபுரம். பாண்டியர் கை ஓங்கியதும் அந்த ஊர் போயிற்று. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவன் மேடேறி வந்து உட்கார்ந்த இடம் குந்தாணி. கீழே பாண்டியர், மேலே உடன்பிறந்தான். இரண்டு பக்கமும் பகை. அவனுக்குப் பின் மகன் விசுவநாதன் சிறிது காலம். அப்புறம் துவாரசமுத்திரத்து மூன்றாம் வல்லாளன் இரண்டு பாகத்தையும் மறுபடி ஒன்றாக்கினான். குந்தாணிக்குத் தலைநகராக இருக்கும் அவசியம் போய்விட்டது.

பாகப்பிரிவினையில் பிறந்த நகரம், பாகம் ஒன்றானதும் மண்ணுக்குள் போயிற்று. எல்லைகளில் இருப்பவர்களுக்கு இது புரியும். இன்றைக்கும் அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கர்நாடகம், இன்னொரு பக்கம் ஆந்திரம்.

உழுத மண்ணில் பானை ஓடு ஒன்று தட்டுப்பட்டது. குனிந்து எடுக்கப் போனேன். "இருக்கட்டும் தம்பி. இருக்கிற இடத்துல இருந்தாத்தான் அதுக்குப் பேச்சு" என்றார். அரண்மனை எந்தப் பக்கம் என்று கேட்டேன். "எனக்குத் தெரியாது" என்றார் உடனே. அன்று அவர் சொன்ன எல்லாவற்றையும் நான் நம்புவதற்குக் காரணம் அந்த ஒரு பதில்.

*

அங்கே நடுகற்கள் வரிசையாக இருக்கின்றன. வாத்தியார் பையிலிருந்து சவரக் கண்ணாடி ஒன்றை எடுத்தார். கல்லின் பக்கவாட்டில் நின்று வெயிலைச் சாய்த்து விழச் செய்தார். அதுவரை கல்லாக இருந்தது ஆளாயிற்று. வரிந்த கச்சை, ஓங்கிய வாள், விலாவில் பாய்ந்த அம்பு.

"கீழ்த்தட்டு சண்டை. நடுத்தட்டுல அரம்பையருங்க அவனைத் தூக்கிட்டுப் போறாங்க. மேல்தட்டுல சிவலோகம். கீழேயிருந்து மேலே படிக்கணும்."

நான் எதையும் மேலிருந்து கீழே படித்தே பழகியவன்.

அடுத்ததில் வீரனின் பக்கத்தில் ஒரு பெண். வளையல் அணிந்த கை மேலே நீண்டிருந்தது. உடன்கட்டை ஏறியவள். கன்னடத்தில் மாஸ்திக்கல்லு என்பார்கள். வாத்தியாரின் குரல் தாழ்ந்தது. "அவளைக் கேட்டா செதுக்கினாங்க?" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கல்லுக்குப் போனார். வீரக்கல்லின் முன்னால் கும்பிட்டவர், இந்தக் கல்லின் முன்னால் சும்மா நின்றார். வழிகாட்டுகிறவருக்கு வீரத்தையும் கொடுமையையும் பிரித்தறியும் மனசாட்சி வேண்டும் என்று அந்த இடத்தில் எழுதிவைத்துக்கொண்டேன்.

ஊரார் பல நடுகற்களுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் கல்லில் நிற்கும் வீரர் வேடியப்பன். செத்த ஆளின் பெயர் மறந்துபோய்க் கடவுளின் பெயர் ஏறியிருக்கிறது. புலியைக் குத்திச் செத்தவனுக்குக் கல் உண்டு, பன்றியைக் குத்திச் செத்தவனுக்கும் உண்டு. மாடு மீட்கப்போய்ச் செத்தவர்களுக்குத்தான் பழைய கற்கள் அதிகம். திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் 7ஆம் நூற்றாண்டுக் கல் ஒன்றில் வீரனோடு நின்ற நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். அரசர்களின் பெயரைத் தவறவிட்ட காலம் ஒரு நாயின் பெயரைக் கைவிடாமல் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது.

தொல்காப்பியம் நடுகல்லுக்கு ஆறு நிலைகள் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து. முதல் நிலை காட்சி. தகுந்த கல்லைத் தேடிக் காண்பது. மலைக்குப் போய், நடந்து, இந்தக் கல்தான் என்று யாரோ ஒருவர் கை காட்டியிருக்கிறார்.

*

பொலோஞாவின் நெப்டியூன் சதுக்கத்தில் ஒரு நூலகச் சுவர் முழுக்க முகங்கள். இரண்டாம் உலகப் போரில் பாசிஸ்டுகளையும் ஜெர்மானியர்களையும் எதிர்த்து இறந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் படங்கள். அதுவரை பேசிக்கொண்டு வந்த அந்த அம்மா அங்கே பேச்சை நிறுத்திக்கொண்டார்.

அந்தப் போரில் இத்தாலியில் இந்தியப் படைகளும் போரிட்டன. பொலோஞாவுக்குத் தென்கிழக்கே ஃபோர்லியில் நம் வீரர்களின் கல்லறைத் தோட்டமும், எரியூட்டப்பட்டவர்களுக்கான நினைவிடமும் உண்டு. அன்று எனக்கு அது தெரியாது. ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போயிருக்கலாம்.

*

இன்னொரு நாள், மல்லச்சந்திரம். சூளகிரியில் கொத்தமல்லி மண்டியின் வாசனையைக் கடந்து போனோம். மொட்டைப் பாறைமேல் ஏறினால் கற்திட்டைகள், பழங்கால ஈமச் சின்னங்கள். நான்கு பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு மூடுகல். ஒரு பக்கத்தில் ஆள் தலை நுழையும் அளவுக்கு வட்டமான இடுதுளை. சுற்றிலும் முகடு வளைந்த பலகைகள் காவல் நிற்பது போல. ஊரார் பாண்டவர் வீடு என்கிறார்கள்.

அந்த வட்டத்தை விரலால் சுற்றித் தடவினேன். டிரில்லும் போரிங் மெஷினும் இல்லாத காலத்து வட்டம். இதே மாவட்டத்தில் பர்கூர்ப் பக்கம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் தமிழக அரசு அறிவித்தது. இரும்பை உருக்கி, உளியாக்கி, இந்தக் கல்லை வசக்கியவர்களின் மண்ணில்தான் நாங்கள் கம்பெனி வாசலில் கார்டு தேய்க்கிறோம்.

வாத்தியார் பாறை நுனியில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தார். களி உருண்டையும் கீரைக் கடைசலும். ஒரு மணி நேரம் நாங்கள் பேசவில்லை. தூரத்துக் கிரஷரின் சத்தம் மட்டும் காற்றில் வந்து வந்து போனது. இந்த மாவட்டத்தில் வெட்டும் கிரானைட் வகை ஒன்றைப் 'பாரடிசோ' என்று விற்கிறார்கள். இத்தாலிய மொழியில் சொர்க்கம். கத்தரிப்பூ நிறமும் பழுப்பும் அலையாக ஓடும் அழகான கல். வெளிநாட்டுச் சமையலறை மேடைகளுக்குப் போகிறது. கல் வெட்டிப் பிழைக்கும் குடும்பங்கள் ஆயிரம்; அதை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். எந்தப் பாறையில் வெடி வைக்கலாம், எந்தப் பாறையில் கூடாது என்று சொல்லத் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

*

திரும்பி வரும்போது கவர் ஒன்றை நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "டீ வாங்கிக் குடுத்துட்டீங்களே, போதும்."

பலரிடம் இதைச் சொன்னேன். எல்லோரும் அவரைப் பெரிய மனிதர் என்றார்கள். பெரிய மனிதர்தான். ஆனால் இந்த ஏற்பாடு சரியில்லை. பொலோஞாவில் அந்த அம்மா கட்டணம் சொன்னார், வாங்கினார், ரசீது கொடுத்தார். அது அவருக்குத் தொழில். அதனால்தான் அவருக்குப் பின்னால் தேர்வெழுத இன்னும் பலர் காத்திருக்கிறார்கள். வாத்தியாருக்கு எழுபத்துநாலு வயது. அவர் கண்ணாடியை வாங்கிக்கொள்ள யாரும் இல்லை. ஓய்வூதியம் வருகிறவர் சும்மா காட்டலாம். வேப்பனப்பள்ளியில் வரலாறு படித்துவிட்டு வேலை தேடும் பெண்ணால் சும்மா காட்ட முடியாது. இலவசமாக நடக்கும் வேலை ஒருவரின் ஆயுளோடு முடிந்துவிடும்.

மூன்று மொழி பேசி, ஆனையின் நேரம் அறிந்து, கல்லைக் கீழிருந்து மேலே படித்து, தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் ஆளை உருவாக்க எத்தனை வருடம் ஆகும்? எங்கள் ஆலையில் ஒரு நல்ல டூல்மேக்கரைத் தயார்செய்யப் பத்து வருடம் பிடிக்கும். அவருக்குச் சம்பளம் கொடுக்க நாங்கள் யோசித்ததே இல்லை.

*

ஓசூரில் வேலை பார்ப்பவர்களுக்குச் சொல்கிறேன். ஞாயிறானால் பெங்களூருக்கு வண்டியை எடுக்கிறோம், நாற்பது கிலோமீட்டர். ஒரே ஒரு ஞாயிறு கிழக்கே திரும்புங்கள். அறுவடை முடிந்த தை மாதம் நல்லது. கிருஷ்ணகிரியில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. நடுகற்களை முதலில் அங்கே பாருங்கள். பிறகு ஊரில் விஷயம் தெரிந்தவர் யார் என்று விசாரித்து, ஒருவரோடு, ஒருவராக நடந்து பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். அவருடைய அரை நாளுக்கு உரிய கூலியைக் கேட்காமலே கையில் வைத்து மடக்குங்கள். வேண்டாம் என்றாலும் விடாதீர்கள்.

வீட்டுமனையிலோ தோட்டத்திலோ உருவம் வெட்டிய கல் கண்டால் அதைப் புரட்ட வேண்டாம், கழுவ வேண்டாம், வெள்ளையடிக்க வேண்டாம். இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு, அருங்காட்சியகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.