பச்சை மையில் ஒரு கேள்வி

வாடகை நூல் நிலையத்துப் புத்தகம் என்றால் எனக்குக் கொஞ்சம் சபலம். கதை முடிந்த பிறகு வருமே ஒரு வெற்றுத்தாள், அதை முதலில் புரட்டிப் பார்த்துவிடுவேன். படித்தவர்கள் அதில் தங்கள் அபிப்பிராயத்தை எழுதி வைத்திருப்பார்கள். பத்திரிகையில் மதிப்புரை எழுதுகிறவருக்கு ஆசிரியரிடம் பயம் உண்டு, சிநேகிதம் உண்டு, சில சமயம் பாக்கியும் உண்டு. பென்சிலை எடுத்துக்கொண்டு கடைசிப் பக்கத்தில் கிறுக்குகிறவருக்கு இவை எதுவும் கிடையாது.

சென்ற மாதம் பழைய புத்தகக் கடை ஒன்றில் மைக்கேல் கிரைட்டன் எழுதிய ‘டைம்லைன்’ நாவல் கிடைத்தது. எப்போதோ மூடிப்போன ஒரு நூல் நிலையத்தின் ரப்பர் முத்திரை அதில் இருந்தது. கடைசித் தாளில் ஐந்தாறு கையெழுத்துகள். ‘முதல் நூறு பக்கத்தைப் பொறுத்துக்கொள், பிறகு சாப்பாடு இறங்காது’ என்றது ஒன்று. ‘பாத்திரங்கள் எல்லாம் அட்டைப் பொம்மைகள்’ என்று இன்னொன்று. ‘விஞ்ஞானம் சுத்தப் புளுகு, ஆனாலும் நம்ப வைக்கிறான்’ என்று மூன்றாவது. இவையெல்லாம் நியாயமான அபிப்பிராயங்கள்தாம். நானும் இவற்றில் எதையாவது ஒன்றை எழுதியிருப்பேன்.

நாலாவதைப் பார்த்துத்தான் நின்றேன். ‘முடிவு பிரமாதம். அந்தப் பயலுக்கு வேண்டும்!’ என்று எழுதி இரண்டு கோடு இழுத்திருந்தது. அதன் கீழே, பச்சை மையில், நிதானமான சின்ன எழுத்தில், ‘மற்றவர்களுக்கு?’ என்று ஒரே ஒரு கேள்வி.

நாவலைப் படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1999-ல் வந்த நாவல். 2003-ல் படமாகவும் வந்தது. பிரான்ஸில் டோர்டோன் நதி ஓரம் ஒரு பேராசிரியரும் அவருடைய மாணவர்களும் பாழடைந்த கோட்டை ஒன்றைத் தோண்டி ஆராய்கிறார்கள். பணம் போடுவது ஓர் அமெரிக்கக் கம்பெனி. அந்தக் கம்பெனி ரகசியமாக ஒரு யந்திரம் செய்து வைத்திருக்கிறது. ஒருநாள் மண்ணுக்குள்ளிருந்து பேராசிரியரின் கையெழுத்திலேயே, ‘காப்பாற்றுங்கள்’ என்று ஒரு சீட்டுக் கிடைக்கிறது. தேதி 1357! மாணவர்கள் அவரை மீட்கப் போகிறார்கள். திரும்பி வர முப்பத்தேழு மணி நேரம் கெடு. வாள், குதிரை, முற்றுகை, சுரங்க வழி எல்லாம் உண்டு. கம்பெனி முதலாளி டோனிகர் என்பவன் பணத்தைத் தவிர எதையும் மதிக்காதவன். போனவர்கள் வராவிட்டாலும் அவனுக்குக் கவலையில்லை. கடைசியில் அவனிடம் வேலை பார்த்தவர்களே அவனை மயக்கி யந்திரத்தில் ஏற்றி 1348-ஆம் வருஷத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். பிரான்ஸ் முழுவதும் பிளேக் பரவிய வருஷம் அது.

‘அந்தப் பயலுக்கு வேண்டும்’ என்ற வாசகர் கைதட்டியது இந்த இடத்தில்தான். உண்மையைச் சொல்கிறேன், நானும் கைதட்டினேன். பச்சை மைக்காரர் குறுக்கிட்டிராவிட்டால் புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்திருப்பேன்.

மற்றவர்கள் என்று அவர் சொல்வது யாரை? 1347 கடைசியில் மார்ஸேல் துறைமுகத்தில் இறங்கிய அந்த நோய், அடுத்த இரண்டு மூன்று வருஷங்களில் ஐரோப்பாவில் மூன்றில் ஒரு பங்கு ஜனங்களை, சிலர் கணக்குப்படி பாதிப்பேரை, வாரிக்கொண்டு போயிற்று. டோனிகருக்குக் கழுமரமாக நாவலாசிரியர் தேர்ந்தெடுத்த அதே வருஷத்தில் ஒரு தாய் பிள்ளை பெற்றிருப்பாள். ஒரு தச்சன் கதவுக்குத் தாழ்ப்பாள் பொருத்தியிருப்பான். அவர்களை அங்கே தள்ளியது எந்த நீதிமன்றம்? ஓர் அயோக்கியனுக்கு நரகம் வேண்டும் என்று தேடியபோது, லட்சோப லட்சம் குற்றமற்றவர்கள் வீடு வாசலோடு குடியிருந்த இடத்தைக் காட்டி, ‘இதுவே போதும்’ என்று சொல்லிவிட்டோம். அவன் அங்கே கண் விழிக்கும்போது நம் பார்வை அவன் முகத்திலேயே இருக்கிறது. தெருவில் கிடக்கும் பிணங்கள் அவனைப் பயமுறுத்துவதற்காக வைத்த ஜோடனை.

கதையின் நடுப்பகுதியும் இப்படியே. கல்லூரிப் பிள்ளைகள் 1357-ல் இறங்கிய சில நிமிஷங்களுக்குள் கத்தி சுழல ஆரம்பிக்கிறது. போகப் போக அவர்கள் கையாலும் ஆட்கள் சாகிறார்கள். கிறிஸ் என்ற பையன் ஆரம்பத்தில் பயந்தாங்கொள்ளி, முடிவில் தேறிவிடுகிறான். ‘கிறிஸ் ஆண்பிள்ளை ஆனான், சபாஷ்!’ என்று ஒரு பென்சில் அபிப்பிராயமும் அந்தத் தாளில் இருந்தது.

என் சிநேகிதர் ஒருவர், சரித்திர ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் இதைச் சொன்னேன். “என்ன ஸார் இது, சாகசக் கதையைப் படித்துவிட்டுத் தர்ம விசாரம் செய்கிறீர்கள்! அவர்கள் எல்லாரும் செத்து அறுநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. செத்தவனை எப்படி ஸார் மறுபடி கொல்வது?” என்றார்.

கெட்டிக்காரத்தனமான வாதம். ஆனால் நாவலாசிரியரே இதைக் காப்பாற்றவில்லை. யந்திரம் காலத்தில் பின்னோக்கிப் போகிறது என்று அவர் சொல்லவில்லை. எண்ணற்ற பிரபஞ்சங்கள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றில் இப்போது 1357 நடந்துகொண்டிருக்கிறது, அங்கேதான் போகிறார்கள் என்கிறார். ‘சுத்தப் புளுகு’ என்று வாசகர் சொன்ன விஞ்ஞானம் இதுதான். புளுகாகவே இருக்கட்டும். அந்தப் புளுகின்படி அந்த மனிதர்கள் சாகவில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் மாதிரி உயிரோடு இருக்கிறார்கள்.

பிரபஞ்ச விவகாரம் இல்லாமலேகூட அந்த வாதம் நிற்காது. இன்னும் அறுநூறு வருஷம் கழித்து ஒரு பையன் யந்திரத்தில் ஏறி நம் தெருவுக்கு வந்து, பால் வாங்கப் போன என் சிநேகிதரை வழியில் கண்டு, ‘இவர் என்றைக்கோ செத்தவர்தானே’ என்று நினைத்தால்? அவர் இதைக் கேட்டுச் சிரித்தார். சிரித்துவிட்டு, “பால் வாங்க இனிமேல் பேரனை அனுப்புகிறேன்” என்றார்.

அவரிடமிருந்துதான் இன்னொரு விஷயம் தெரிந்துகொண்டேன். கதை நடக்கும் காலத்துக்கு முந்தின வருஷம், 1356-ல், புவாத்தியே யுத்தத்தில் பிரெஞ்சு அரசன் ஜான் இங்கிலீஷ்காரர்களிடம் பிடிபட்டான். வென்ற இளவரசன் அன்றிரவு அரசனுக்குத் தானே நின்று விருந்து பரிமாறினானாம். பிறகு 1360-ல் அவனை விடுவிக்க மூன்று மில்லியன் பொற்காசு விலை பேசினார்கள். பிரபுக்களுக்கும் அவரவர் அந்தஸ்துக்குத் தக்க விலை உண்டு. காலாளுக்கும் குடியானவனுக்கும் விலை இல்லை. ஆகவே அவனை உயிரோடு பிடித்து வைத்திருக்கவும் அவசியமில்லை. நாவலில் வரும் ஆர்னோ த செர்வோல் நிஜமாகவே வாழ்ந்த ஆசாமி. அவனைப்போன்ற கூலிப்படைத் தலைவர்கள் கொள்ளையடித்தது இந்த விலையில்லாதவர்களின் கிராமங்களைத்தான். 1358-ல் பொறுக்கமாட்டாமல் குடியானவர்கள் கிளம்பினார்கள், நசுக்கப்பட்டார்கள். அந்தக் காலத்துப் பிரபு யார் யாரைக் கணக்கில் சேர்க்காமல் விட்டானோ அவர்களையேதான் யந்திரத்தில் போன பட்டதாரிப் பிள்ளைகளும், நாற்காலியில் சாய்ந்து படிக்கிற நாமும் விட்டுவிடுகிறோம்.

என் சிநேகிதர் விடவில்லை. “அப்படிப் பார்த்தால் மகாபாரதத்தையே படிக்க முடியாதே ஸார். பதினெட்டு அக்குரோணி சேனைக்கும் அழுதுகொண்டிருந்தால் கதை எப்போது முடிகிறது?” என்றார். இதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் தோன்றியது. குருக்ஷேத்திரத்தில் வெட்டுகிறவனும் வெட்டுப்படுகிறவனும் ஒரே மண்ணில் நிற்கிறார்கள். இவன் தலை உருண்டால் அவன் தலையும் உருளலாம். தப்பி ஓட வேறு யுகம் கிடையாது. யந்திரத்தில் போகிறவன் சட்டைப்பைக்குள் திரும்பி வரும் டிக்கெட்டை வைத்துக்கொண்டிருக்கிறான். அவன் நம் தெருப் பையன். நாம் படித்த பள்ளிக்கூடத்தில் படித்தவன். ‘இவர்கள் கணக்கில் வரமாட்டார்கள்’ என்று அவன் தீர்மானிக்கும்போது நம் சார்பில்தான் தீர்மானிக்கிறான்.

இந்த நாவலில் மாரெக் என்பவனை வாசகர்கள் எல்லாரும் நேசிப்பதற்குக் காரணமும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். அவன் நன்றாகவே வாள் வீசுகிறான். ஆனால் முடிவில் யந்திரம் புறப்படும்போது ஏறுவதில்லை. அங்கேயே தங்கி, ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டு, அந்த மண்ணிலேயே சாகிறான். டிக்கெட்டைக் கிழித்துப் போட்டவன். அதனால் அவன் கையால் செத்தவர்கள் கொஞ்சம் குறைவாகச் செத்தார்கள் என்று ஆகிவிடாது. அது எனக்குத் தெரிகிறது. தெரிந்தும் அவனை மன்னிக்க மனம் தயாராக இருக்கிறது. ஏன் என்று இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கிரைட்டனுக்கு முன்னால் 1889-லேயே மார்க் ட்வெய்ன், ஓர் அமெரிக்கத் தொழிலாளியை ஆர்தர் அரசன் காலத்துக்கு அனுப்பினார். பள்ளிக்கூடம், தந்தி, சோப்பு என்று சீர்திருத்தம் செய்யப் போனவன், கடைசியில் மின்சார வேலி போட்டு இருபத்தையாயிரம் வீரர்களைக் கொல்கிறான். அந்த இடத்தில் கைதட்ட முடியாதபடி ட்வெய்ன் எழுதிவிட்டார். பிண நாற்றமே ஜெயித்தவர்களையும் முடித்துவிடுகிறது. 1992-ல் கானி வில்லிஸ் எழுதிய ‘டூம்ஸ்டே புக்’ வேறு வழியில் போகிறது. 1320-க்குப் போகக் கிளம்பிய ஆக்ஸ்போர்டு மாணவி தவறிப்போய் 1348-ல் இறங்கிவிடுகிறாள். அவள் தடுப்பு மருந்து போட்டுக்கொண்டவள். மற்ற யாருக்கும் அது இல்லை. ஒரு கிராமத்தில் ஒவ்வொருவருக்காகப் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் கொடுக்கிறாள். ஒருவரையும் காப்பாற்ற முடியவில்லை. அமெரிக்காவில் ஹியூகோ, நெபுலா என்ற இரண்டு பரிசுகளும் அதற்குக் கிடைத்தன. என் சிநேகிதருக்குக் கொடுத்தேன். ‘இழுவை’ என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். டோனிகர் போன அதே வருஷம். இரண்டு நாவல்களுக்கும் நடுவில் பச்சை மைக்காரரின் கேள்விதான் நிற்கிறது.

கிரைட்டனைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். பல வருஷங்களுக்கு முன் நான் எழுதிய சரித்திரத் தொடர்கதை ஒன்றில் கதாநாயகன் இரவில் கோட்டைக்குள் நுழைவான். வாசலில் தூங்கி வழியும் காவல்காரன் ஒருவனைச் சத்தமில்லாமல் தீர்த்துவிட்டு உள்ளே போவான். அந்த வாரம் வந்த கடிதங்கள் எல்லாம் கதாநாயகி என்ன ஆனாள் என்றுதான் கேட்டன. ஒரே ஒரு அம்மாள் மட்டும், ‘அந்தக் காவல்காரனுக்கு வீட்டில் யாரும் இல்லையா?’ என்று தபால் கார்டு போட்டிருந்தார். அதை வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டிச் சிரித்தேன். பதில் எழுதவில்லை.

இப்போது அந்த நாவலின் புதிய பதிப்புக்குப் புரூப் வந்திருக்கிறது. அந்த அத்தியாயத்தை எடுத்துப் பார்த்தேன். காவல்காரன் நாலு வரியில் சாகிறான், பெயர்கூட வைக்கவில்லை. ஒரு பெயர் வைக்கலாமா என்று பார்த்தேன். வைத்தால் அடுத்த பக்கத்தில் கதாநாயகனின் காதல் வசனம் காதில் நாராசமாக விழுகிறது. அவனைக் கட்டிப்போட்டுவிட்டுப் போகலாம் என்றால், விடிவதற்குள் அவன் கத்திக் கோட்டையைக் கூட்டிவிடுவான். கதாநாயகன் உள்ளே போயாக வேண்டும். இரண்டு எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்தி, புரூபைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.