காதில் விழுவதும் காது கொடுப்பதும்

நெட்வொர்க் கார்டை இன்று யாரும் கண்ணால் பார்ப்பதே இல்லை. மதர்போர்டோடு சேர்ந்தே வந்துவிடுகிறது. முன்பெல்லாம் அது தனி அட்டை, பின்பக்கம் கேபிள் செருக ஒரு ஓட்டை, அவ்வளவுதான். அந்த அட்டை மீது எனக்கு ஒரு தீராத வியப்பு உண்டு. அதன் வேகத்தைப் பார்த்து வந்ததல்ல அது. தனக்கு வராத செய்தியை அந்த அட்டை என்ன செய்கிறது என்பதைப் பார்த்து வந்தது.

1973இல் ஸெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் பாப் மெட்காஃப் யோசித்து, டேவிட் பாக்ஸோடு சேர்ந்து உருவாக்கிய ஈதர்நெட்டில் எல்லாக் கணினிகளும் ஒரே கேபிளில் தொங்கின. ஒன்று பேசினால் அத்தனைக்கும் கேட்கும். பெயரே அதிலிருந்து வந்ததுதான்: ஒளி பரவுவதற்கு எங்கும் நிறைந்த ஓர் ஊடகம் வேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம்பினார்களே, பிறகு இல்லையென்று ஆகிப்போனதே, அந்த ஈதர். அனுப்பும் ஒவ்வொரு செய்தித் துண்டின் தலையிலும் அது யாருக்கு என்ற முகவரி இருக்கும். பின்னால் நிலைபெற்ற தரத்தில் அது 48 பிட். நாம் மேக் முகவரி என்று சொல்வது அதைத்தான். கார்டு முகவரியை மட்டும் பார்க்கும். தன்னுடையது இல்லையென்றால் துண்டை அங்கேயே போட்டுவிடும். தான் உட்கார்ந்திருக்கும் கணினிக்குக்கூட அதைச் சொல்லாது.

பூட்டு கிடையாது, சுவர் கிடையாது. உங்கள் ரகசியம் பத்திரமாக இருந்ததற்கு ஒரே காரணம், பக்கத்து மெஷின்கள் கேட்காமல் இருந்தன என்பதுதான்.

ஒண்டுக் குடித்தனத்தில் வாழ்ந்தவர்களுக்கு இது புரியும். என் பாட்டி பல வருடம் அப்படி ஒரு வீட்டில் இருந்தவர். ஆறு போர்ஷன், ஒரே குழாய். ராத்திரி பக்கத்தில் நடக்கும் கடன் பேச்சு, மாமியார் சண்டை எல்லாம் எல்லார் காதிலும் விழும். காலையில் குழாயடியில், “என்னக்கா, இன்னிக்குத் தண்ணி சீக்கிரமே நின்னுடுச்சு” என்பதோடு சரி. தமிழில் ‘காதில் விழுந்தது’ என்பதும் ‘ஒட்டுக் கேட்டான்’ என்பதும் வேறு வேறு. முதலாவதில் காது ஒரு ஓட்டை, அவ்வளவுதான். இரண்டாவதில் ஒரு ஆள் இருக்கிறான். அந்தப் போர்ஷன்களில் மானம் என்பது இந்த இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளியில்தான் பிழைத்தது.

கார்டிலும் அந்த ஆளைக் கொண்டுவர முடியும். ப்ராமிஸ்க்யுவஸ் மோட் என்று ஒரு அமைப்பு. அதைப் போட்டுவிட்டால் முகவரி பார்க்காமல் வருவதையெல்லாம் உள்ளே அனுப்பும். ஒழுக்கம் கெட்ட நடத்தையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை எஞ்சினியர்களே அதற்கு வைத்தார்கள்.

எங்கள் கல்லூரி லேபில் ஹப் ஒன்று இருந்தது. ஒரு போர்ட்டில் வந்ததை மற்ற எல்லாப் போர்ட்டுக்கும் அப்படியே தள்ளிவிடும் மக்குப் பெட்டி. வயர்ஷார்க்கில் அந்த மோடைப் போட்டுக் காட்டினார் சார். சில நிமிடத்தில் யாரோ எங்கேயோ தட்டிய பாஸ்வேர்ட், எழுத்து எழுத்தாகத் திரையில். வகுப்பு கொல்லென்று சிரித்தது. சார் திரையை மூடிவிட்டு, “பாத்தாச்சுல்ல, மறந்துருங்கப்பா” என்றார். கார்டு செய்ததை எங்களைச் செய்யச் சொன்னார் என்று இப்போது தோன்றுகிறது. மனுஷனுக்கு அது கொஞ்சம் கஷ்டம்.

அதனால்தான் தொழில்நுட்பம் நல்ல பழக்கத்தை நம்புவதை விட்டுவிட்டது. 1990இல் கல்பனா என்ற நிறுவனம் (ஆமாம், நம்ம ஊர்ப் பெயர்தான்) முதல் ஈதர்நெட் ஸ்விட்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. யாருக்கு வந்ததோ அவருக்கு மட்டும் கொடுக்கும் பெட்டி. பக்கத்து வீட்டுச் சத்தம் நின்றது. வைஃபை வந்ததும் மறுபடி எல்லாரும் ஒரே காற்றில். அதற்கு என்கிரிப்ஷன் வந்தது. கேட்டாலும் புரியாது.

இதை வீழ்ச்சி என்று புலம்ப எனக்கு மனசில்லை. முன்பின் தெரியாதவரின் கட்டுப்பாட்டை நம்பி பேங்க் பாஸ்வேர்டை அனுப்ப முடியாது. கூகுளின் ஸ்ட்ரீட் வியூ கார்கள் தெருக்களைப் படமெடுத்துக்கொண்டே, பூட்டாத வைஃபைகளில் ஓடியதையும் பதிவு செய்திருந்தன என்று 2010இல் அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது. சில முழு மின்னஞ்சல்களும் பாஸ்வேர்டுகளும்கூட அதில் இருந்தன. அமெரிக்க நீதிமன்றத்தில் அவர்கள் வைத்த வாதம்: பூட்டாத வைஃபை என்பது ரேடியோ அலை, யார் வேண்டுமானாலும் எட்டிப் பிடிக்கக்கூடியது. 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ‘கேட்கக் கிடைத்தது, அதனால் கேட்டேன்’ என்பதை எங்கள் பாட்டி வீட்டுக் குழாயடியும் ஏற்றிருக்காது.

ஆனால் அதே குழாயடியைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ராத்திரி ஒருத்தி அடி வாங்கிய சத்தமும் அந்தச் சுவர் வழியாகத்தானே வந்திருக்கும்? அதற்கும் மறுநாள் காலையில் தண்ணி நின்றுபோன பேச்சுதானா? நாகரிகம் என்ற பெயரில் எத்தனை கோழைத்தனம் அங்கே குடியிருந்திருக்கும். பாட்டியிடம் இதைக் கேட்டேன். “நாம என்னடா பண்ண முடியும்” என்றார். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை.

ஈதர்நெட்டில் இதற்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது. பிராட்காஸ்ட் முகவரி: 48 பிட்டும் ஒன்று. அதைக் கண்டால் எந்தக் கார்டும் ‘எனக்கில்லை’ என்று கீழே போட முடியாது, எடுத்தே ஆகவேண்டும். அலறலை நான் அப்படித்தான் வாசிக்கிறேன். அதில் பெயர் இல்லை என்பதால் அது யாருக்கும் இல்லை என்றாகாது. கடன் பேச்சு அவர்களுக்குள். அலறல் ஆறு போர்ஷனுக்கும். இரண்டையும் ஒரே காதால் ஒரே மாதிரி தள்ளிவிடுவது நாசூக்கில் சேராது.

இதெல்லாம் பழைய கேபிள் காலத்துப் பிரச்சினை, இனி எல்லாம் என்கிரிப்ட் செய்யப்பட்டுவிட்டது என்று நண்பர்கள் சொல்வார்கள். வழியில் சரி. போய்ச் சேரும் இடத்தில்? அங்கே பிரித்துத்தானே ஆகவேண்டும். பிரித்த இடத்தில் என்னைப் போல ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். வாடிக்கையாளர் ஒருவர் பணம் போனது, ஆர்டர் வரவில்லை என்று புகார் கொடுத்தால் நான் டேட்டாபேஸைத் திறக்கிறேன். அதே டேபிளில் என் தெருக்காரர்கள், பழைய வகுப்புத் தோழர்கள், யார் யாருக்கு என்ன மருந்து வாங்கினார்கள் என்பது வரை இருக்கும். லாக் பதிவாகிறது, ஆனால் அதை யாரும் உட்கார்ந்து வாசிப்பதில்லை. 1973இன் கேபிள் அப்படியே இங்கே வந்து முடிகிறது.

நான் கொரியை எழுதும்போது முதலில் ஆர்டர் எண்ணைப் போட்டு அந்த ஒரு வரிசைக்குக் குறுக்கிவிடுவேன். அதற்கப்புறம்தான் எந்தக் காலம் வேண்டும் என்று எழுதுவேன், அதிலும் பணம் போன நிலையும் டெலிவரி நிலையும் மட்டும். போன மாதம் சேர்ந்த தம்பி, “ஏண்ணா இப்படித் தலைகீழா எழுதுறீங்க, மொத்தமா எடுத்துப் பாத்துக்கலாமே” என்று கேட்டான். கார்டு கதையில் ஆரம்பித்தேன். டீ ஆறிவிட்டது.